வெடிப்பு விடிந்தபின் வரும்

பிளேன்டியைக் குடித்துக்கொண்டே கேளுங்கோ. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கராஜ்களில் காதில் விழும் முறைப்பாடு இது: "நேற்றுத்தான் ஒட்டினது, இன்றைக்கு வெடிச்சிட்டுது." உற்றுப் பாருங்கள். வெல்டிங் தையல் அப்படியே இருக்கும். வெடிப்பு அதை ஒட்டிய இரும்பில் ஓடியிருக்கும்.

காரணம் காபன். கேற்றுக்கும் கிரிலுக்கும் போடும் மைல்ட் ஸ்டீலில் அது 0.2 சதவீதமளவே. சாஃப்டுக்கான உருக்கில் 0.4, லொறி ஸ்பிரிங் தகட்டில் 0.5, 0.6. கொல்லன் உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது அதைக் கடினமாக்கத்தானே? இங்கே தண்ணீரின் வேலையைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பே செய்துவிடுகிறது. சூடு சட்டென்று இறங்க, தையலோரம் மார்டென்சைட்டாக மாறும். மிகக் கடினம், வளையாது, முறியும்.

அதோடு ஐதரசனும் சேரவேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து துறைமுகம் வரை கொழும்பின் காற்றில் எப்போதும் ஈரம். திறந்து கிடக்கும் பெட்டியில் வெல்டிங் ரொட்டின் மேற்பூச்சு அதைக் குடித்துவிடும். ஆர்க் சூட்டில் நீர் பிரிந்து, ஐதரசன் உருகிய உலோகத்துக்குள் புகும். ஆறியபின் மெல்ல நகர்ந்து அந்தக் கடினமான ஓரத்தில் தங்கும். சுருங்கும் உலோகமும் இழுக்க, சில மணி நேரத்திலோ இரண்டு நாளிலோ வெடிக்கும். முக்கியமான வேலைகளை 48 மணி நேரம் பொறுத்துப் பரிசோதிப்பது இதனால்தான்.

ஆகவே, முதலில் கிரீஸ், துரு, பெயிண்ட் எல்லாவற்றையும் உரசி எடுங்கள். அவையும் ஐதரசன் தருபவை. 6013 ரொட்டை வைத்துவிட்டு ஐதரசன் குறைந்த 7018 எடுங்கள். பெட்டி திறந்து கிடந்ததென்றால் ரொட் உலர்த்தும் அடுப்பில், 350 பாகை செல்சியஸ் அளவில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காயவேண்டும். வெயிலில் பரப்புவது போதாது.

அடுத்தது, ஒட்டுமுன் இரும்பைச் சூடாக்குவது. 0.4 காபன் சாஃப்ட் என்றால் தடிப்பைப் பொறுத்து 150 முதல் 250 பாகை. மேல்தோல் மட்டும் சுட்டால் பயனில்லை, உள்ளே வரை ஏறவேண்டும். வெப்பம் காட்டும் சோக்கால் கீறிப் பாருங்கள். வேலை முடியும்வரை அந்தச் சூடு இறங்கக் கூடாது. முடிந்ததும் காய்ந்த மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்துவிடுங்கள். மெல்ல ஆறினால் ஓரம் அவ்வளவு கடினமாகாது. ஐதரசனும் வெளியேற நேரம் கிடைக்கும். ஈரச்சாக்குப் பக்கமே போகாதீர்கள்.

ஸ்பிரிங் தகட்டை மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள். வெடிக்காமல் ஒட்டினாலும் அந்தச் சூட்டில் அதன் பதம் போய்விடும். பாரம் ஏற்றியதும் அதே இடத்தில் முறியும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் வேறு தகடு வாங்குவதுதான் வழி.