விரல் நம்பும் ‘க்ளிக்’

2016-ல் வந்த ஐபோன் 7-ஐ அணைத்துவிட்டு, அதன் ஹோம் பட்டனை அழுத்திப் பாருங்கள். கல்லாட்டம் கிடக்கும். போனை ஆன் செய்து அதே இடத்தை அழுத்தினால், பட்டன் ‘க்ளிக்’கென்று உள்ளே போய்த் திரும்புவதாக விரலுக்குத் தோன்றும். உண்மையில் பட்டன் நகரவே இல்லை. உள்ளேயிருக்கும் சின்ன மோட்டார் ஒன்று துடித்து அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ‘ஹாப்டிக்ஸ்’ என்ற தொடு உணர்வுத் தொழில்நுட்பத்தின் கைவேலை இது.

உதறலும் தட்டலும்

பழைய செல்போன்களின் வைப்ரேட்டர், ஒருபக்கம் எடை கூடிய சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார். வேகம் பிடிக்கவும் நிற்கவும் நேரமாகும். அதனால் ‘கொர்ர்’ரென்ற உதறல்தான் கிடைக்கும். இன்றைய நல்ல போன்களில் ஸ்பிரிங்கில் பிடித்துவைத்த எடையை, மின்சுருளும் காந்தமும் நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளுகின்றன. சட்டென்று கிளப்பலாம், சட்டென்று நிறுத்தலாம். அதனால்தான் அது உதறலாக இல்லாமல் தட்டலாகத் தெரிகிறது.

மீதி வேலையைத் தோல் பார்த்துக்கொள்கிறது. அதிர்வை உணரும் பாசினியன் உணர்முனைகள், நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளுக்கு மிகக் கூர்மையானவை. ஆனால் இவ்வளவு நுண்ணிய அசைவின் திசை விரலுக்குப் பிடிபடுவதில்லை. பக்கவாட்டில் அசைந்தாலும், அழுத்திய நொடியில் வருவதால் ‘கீழே போனது’ என்றே மூளை எடுத்துக்கொள்கிறது.

எழுத்தும் சத்தமும் ஒன்றாக

1985-ல் வந்த ஐபிஎம் ‘மாடல் எம்’ கீபோர்டில் இந்த வித்தை எதுவும் இல்லை. ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்தச் சுருங்கி, ஒரு கட்டத்தில் அது பக்கவாட்டில் மடங்கும். அந்த மடக்கே அடியிலுள்ள சிறு தகட்டைச் சாய்த்து மின்தொடர்பை ஏற்படுத்தும். விரலுக்குக் கிடைக்கும் நெகிழ்வு, காதில் விழும் சத்தம், கணினிக்குப் போகும் எழுத்து மூன்றும் ஒரே நிகழ்வு. எழுத்து விழுந்துவிட்டதென்று தெரிவதால், விசையை அடிவரை அழுத்த வேண்டியதில்லை.

எங்கே அழுத்துவது?

2022-ல் ஐஓஎஸ் 16 வழியாக ஐபோனின் திரைக் கீபோர்டுக்கும் இந்த ஹாப்டிக் தட்டல் வந்தது. ஆனால் ‘க’வைத் தொட நினைத்துப் பக்கத்து எழுத்தைத் தொட்டாலும் அதே தட்டல்தான். ‘அழுத்திவிட்டாய்’ என்று அது சொல்கிறது. ‘எதை’ என்று சொல்வதில்லை. சாதாரணக் கீபோர்டில் எஃப், ஜே விசைகளின் மேல் இருக்கும் சிறு மேடு, அழுத்துவதற்கு முன்பே விரலுக்கு இடத்தைக் காட்டிவிடுகிறது. பட்டன் போனில் 5-ன் மேலுள்ள புள்ளி, பார்வையற்றவர்களுக்கு முழு எண்பலகைக்கும் வழி சொல்கிறது. வழுவழுப்பான கண்ணாடியில் இதெல்லாம் இல்லை.

2008-ல் வந்த பிளாக்பெர்ரி ஸ்டார்ம், முழுத் திரையையுமே பட்டனாக்கிப் பார்த்தது. எந்த எழுத்தைத் தொட்டாலும் திரை மொத்தமாக அமுங்கி எழ வேண்டும். வேகமாகத் தட்ட முடியவில்லை என்று விமர்சகர்கள் சாடினார்கள்.

அழுத்துவதற்கு முன்பே இடம் தெரியாத இந்தக் குறை, கார்களில் உயிர் சம்பந்தப்பட்டது. வாகனப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் ‘யூரோ என்கேப்’ அமைப்பின் 2026 விதிகளின்படி, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றைத் தொடுதிரைக்குள் ஒளித்துவைக்கும் கார்கள் மதிப்பெண் இழக்கும். திரையில் தட்டல் எவ்வளவு நயமாக இருந்தாலும், அழுத்திய பிறகுதான் அது பேசும். சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் செய்யவேண்டிய வேலைக்கு, முன்கூட்டியே கைக்குத் தட்டுப்படும் பட்டன்தான் வேண்டும்.