ஆளில்லா வானொலியும் காணாமற்போன விளம்பரமும்

செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தவர் தாளை எடுத்துக் காட்டலாம். சுவரொட்டி ஒட்டியவர் சுவரைக் காட்டலாம். வானொலியில் விளம்பரம் கொடுத்தவர் எதைக் காட்டுவார்? பத்து விநாடியில் அது காற்றோடு கலந்துவிடுகிறது. ஒலித்ததா, ஒலிக்கவில்லையா என்பதற்குச் சாட்சி யார்? இந்தக் கேள்வி எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து எழவில்லை; எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்துதான் எழுந்தது.

கோட்டக்குப்பத்தில் என் அத்தா சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். சென்ற ரமலான் மாதத்தில், பெருநாள் விற்பனையை நம்பி, ஒரு தனியார் பண்பலை நிலையத்தில் விளம்பரம் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு முறை: மாலையில் இரண்டு, பின்னிரவில் இரண்டு. பின்னிரவு எதற்கு என்று பிற ஊர் நண்பர்கள் கேட்கலாம். நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்காக மூன்று மணிக்கே எங்கள் தெரு விழித்துவிடும். அந்நேரக் கட்டணமும் குறைவு.

ஒரு வாரம் சென்றது. அடுக்களையில் வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைக்கும் என் நன்னி, “ஏம்ப்பா, நாலு மணிக்கு முன்னால நம்ம கடைப் பேரு வரும்னு சொன்னீங்களே, வரவே இல்லையே!” என்றார். நிலையம் அனுப்பிய ஒலிபரப்புச் சான்றிதழிலோ எல்லாம் ஒலித்ததாகவே எழுதியிருந்தது. யாரை நம்புவது?

அன்றும் இன்றும்

நம் பக்கத்து மக்களுக்கு வானொலி விளம்பரம் புதிதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டு தொடங்கியது. கடல் கடந்து வந்த அந்தப் பாடல்களையும் விளம்பரங்களையும் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். அகில இந்திய வானொலியின் விவித் பாரதியில் 1967 நவம்பர் 1ஆம் நாள் மும்பை, புனே, நாகபுரி நிலையங்களில் விளம்பரம் தொடங்கிப் பின்னர் பிற நகரங்களுக்கும் பரவியது. அந்நாளில் இசைத்தட்டை வைக்கவும் ஒலிநாடாவை ஓட்டவும் ஓர் ஆள் இருந்தார். என்ன ஒலிபரப்பானது என்பதைக் கேட்டு அறிக்கை எழுத டியூட்டி ஆபீசர் என்று இன்னொருவரும் இருந்தார். ஒரு விளம்பரம் தவறினால் அன்றே தெரிந்துவிடும்.

ஆளின்றி நிலையம் நடத்தும் முறை அமெரிக்காவில் 1950களில் தோன்றியது. பெரிய ஒலிநாடாச் சுருளில் பாடல்கள் ஓடும். ஒவ்வொரு பாடலின் முடிவிலும் 25 ஹெர்ட்ஸ் அளவில், நேயர் காதில் படாத ஒரு தாழ்ந்த ஒலி பதிந்திருக்கும். அதை உணர்ந்ததும் இயந்திரம் பாடலை நிறுத்தி, விளம்பரம் பதிந்த பெட்டியை ஓட்டும். இப்பெட்டிகள் இருபத்து நான்கு கொண்ட சுழல் அடுக்குகளும் இருந்தன. இயந்திரமே ஒரு பதிவேட்டை அச்சிடும். ஆனால் அது பெரும்பாலும் எத்தனையாவது அறை ஓடியது என்றுதான் சொல்லும். அந்த அறையில் தவறான பெட்டியை வைத்திருந்தால், பதிவேடு சரியாக இருக்கும். ஒலித்த விளம்பரம் வேறாக இருக்கும். இன்று சுருளும் பெட்டியும் போய்க் கணிப்பொறி வந்துவிட்டது. குறை மட்டும் வேறு உருவில் தொடர்கிறது.

தவறும் வழிகள்

விளம்பரம் தவறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒலிக்கோப்பு கணிப்பொறியில் ஏற்றப்படாமல் இருக்கலாம். அப்போது இயந்திரம் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். முடிவுத் தேதியைத் தவறாகக் குறித்திருந்தால், காலாவதியானது என்று எண்ணி ஒதுக்கிவிடும். கோப்பு ஓடியும் அதில் ஒலியே இல்லாதிருக்கலாம். நிலையத்திலிருந்து ஒலிபரப்புக் கோபுரத்துக்குச் செல்லும் இணைப்பு அறுந்திருக்கலாம். கடைசி இரண்டிலும் கணிப்பொறி “ஒலித்தது” என்றே எழுதி வைக்கும். அது தனக்கு இட்ட வேலையைச் செய்ததே தவிர, வெளியே என்ன கேட்டது என்பதை அறியாது.

இன்னொரு காரணம் நேர நெருக்கடி. மூன்று மணி முதல் நான்கு மணி வரை என்று அடுக்கிய பாடல்களும் விளம்பரங்களும் சேர்ந்து அறுபத்திரண்டு நிமிடம் ஆகின்றன என்று கொள்வோம். நான்கு மணிக்குச் சரியாக அடுத்த நிகழ்ச்சி தொடங்க வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இட்ட கட்டளை. மணி அடித்ததும் அது மிச்சத்தை வெட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். ஆள் இருந்தால் ஒரு பாடலைப் பாதியில் குறைத்து விளம்பரத்தைக் காப்பாற்றியிருப்பார்.

கண்டுபிடிக்கும் முறைகள்

சில விநாடிகள் ஒலி நின்றால் பொறியாளரை எழுப்பும் மௌன எச்சரிக்கைக் கருவி உண்டு. ஆனால் விளம்பரம் தவறிய இடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கருவிக்கு எல்லாம் நலமே. ஆகவே நிலையத்துக்கு வெளியே, ஒரு சாதாரண வானொலிப் பெட்டி வழியாகக் கேட்டு இரவு முழுவதையும் பதிந்து வைப்பதே முதல் வழி. சமுதாய வானொலிகள் தம் நிகழ்ச்சிப் பதிவுகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் விதித்தன.

அத்தனை மணி நேரப் பதிவை உட்கார்ந்து கேட்பது யார்? இங்கே கணிதம் துணைக்கு வருகிறது. ஒவ்வோர் ஒலியிலும் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளி வைத்தால், கைரேகை போன்ற ஓர் அடையாளம் கிடைக்கும். பாட்டின் பெயரைச் சொல்லும் ஷாஜாம் என்ற சேவை 2002இல் பிரிட்டனில் இம்முறையில்தான் தொடங்கியது. விளம்பரத்தின் ரேகையை இரவுப் பதிவின் ரேகையோடு ஒப்பிட்டால், அது எத்தனை முறை, எந்த நொடியில் ஒலித்தது என்று கணிப்பொறியே சொல்லிவிடும். மற்றொரு முறை, காதுக்குத் தெரியாத குறியீட்டை ஒலிக்குள் பதிப்பது. நம் நாட்டில் 2015 முதல் பார்க் நிறுவனம் தொலைக்காட்சிப் பார்வையாளர் கணக்கெடுப்புக்கு இத்தகைய ஒலிக்குறியைப் பயன்படுத்துகிறது.

எங்கள் கணக்கு

என்னிடம் இக்கருவிகள் இல்லை. ஒரு வானொலிப் பெட்டி, கைப்பேசி, நாற்பது பக்க நோட்டு இவைதான் இருந்தன. ஏழு இரவுகள் மூன்று மணி முதல் நான்கு மணி வரை பதிந்தேன். நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: ஒலிக்க வேண்டிய நேரம், சான்றிதழ் சொன்ன நேரம், என் காதில் கேட்ட நேரம். பதினான்கு முறை வந்திருக்க வேண்டும், வந்தவை ஒன்பது. தவறிய ஐந்தும் 3.55 மணிக்கு உரியவை! 3.20 மணி விளம்பரம் ஒருநாளும் தவறவில்லை. நன்னி சொன்னது சரியே.

அத்தாவும் நானும் நோட்டோடு நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர் முதலில் தயங்கினாலும் பொறுமையாகக் கணிப்பொறிப் பதிவைத் திறந்து பார்த்தார். அந்த ஐந்து இடங்களிலும் “ஒலிக்கவில்லை” என்றே இருந்தது. நான்கு மணிக் கட்டளை அவற்றை வெட்டியிருந்தது. சான்றிதழ் எழுதியவர் இந்தப் பதிவைப் பார்க்காமல், முன்னாளே தயாரித்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுதிவிட்டார். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்பார்தான் இல்லை. பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தவறிய ஐந்தையும் மாலை நேரத்தில் ஈடு செய்தார்கள். பெருநாள் கழிந்தபின் தெரிந்திருந்தால், அதே ஐந்து விளம்பரங்களும் எங்களுக்கு எதற்குப் பயன்பட்டிருக்கும்?

நண்பர்களே, ஆளில்லா நிலையம் தவறானதன்று. இரவெல்லாம் ஓர் ஆளை விழித்திருக்கச் செய்யாமல் பாட்டுத் தருவது நன்மையே. ஆனால் நிரல் என்பது எண்ணம். இயந்திரப் பதிவு என்பது செயல். காதில் கேட்டதே பயன். காலையில் ஒருவர் இம்மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுவிட்டால், சிறு வணிகரின் காசும் நிலையத்தின் நற்பெயரும் ஒருங்கே காக்கப்படும். அதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பணியை என் நன்னி சம்பளமின்றிச் செய்துவருகிறார்.