புனிற்றாவின் வரவும் செலவும்

அண்மையில் கன்று ஈன்ற பசுவைப் ‘புனிற்றா’ என்று பழந்தமிழ் குறிக்கிறது. ‘புனிறு’ என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை என்பதே பொருள் எனத் தொல்காப்பிய உரியியல் வரையறுக்கிறது. ஈன்றதை அடுத்த நாள்களுக்கெனத் தனிச்சொல் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. இன்றைய கால்நடை அறிவியலும் அந்நாள்களைத் தனியே பிரித்து ஆராய்கிறது. ஈனுவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னுமான காலத்தை அது மாறுநிலைக் காலம் என வழங்கும். கறவைப் பசுவைத் தாக்கும் நோய்கள் பலவும் இக்காலத்தை ஒட்டியே தலைகாட்டுகின்றன.

பால் சுரப்பதற்குப் பசுவின் உடல் எவ்வளவு செலவிடுகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை, குளுக்கோசிலிருந்து உருவாவது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் தேவை. நாளொன்றுக்கு 15 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவின் மடி ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குளுக்கோசைக் கேட்கிறது. 400 கிலோ எடையுள்ள அப்பசுவின் குருதி முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோசோ ஏறத்தாழ 15 கிராம் அளவே. ஆகவே கல்லீரல் இரவும் பகலும் அதனைப் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மனிதர் சோறு உண்டால் அதன் மாவுப்பொருள் குளுக்கோசாகிக் குருதியில் கலக்கிறது. அசைபோடும் விலங்குக்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டது. நான்கு அறைகள் கொண்ட வயிற்றின் முதல் அறையான ரூமனில் வாழும் நுண்ணுயிரிகள், தீவனத்திலுள்ள மாவையும் சர்க்கரையையும் முதலில் தாமே நொதிக்கச் செய்துவிடுகின்றன. பசுவுக்கு எஞ்சுவன அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களே. இவற்றுள் புரோப்பியோனிக் அமிலமே கல்லீரல் குளுக்கோஸ் ஆக்குவதற்குரிய முதன்மை மூலப்பொருள். சோர்ந்த பசுவுக்கு வெல்லம் கரைத்துக் கொடுப்பது அன்பின் செயலே. எனினும் அவ்வினிப்பின் பெரும்பகுதி குருதியை எட்டுமுன்பே நுண்ணுயிரிகளுக்கு உணவாகிவிடுகிறது.

செலவு இவ்வாறு பெருக, வரவோ பின்தங்குகிறது. பால் உற்பத்தி ஈன்ற நான்கு முதல் எட்டு வாரத்திற்குள் உச்சத்தைத் தொடும். தீனி எடுக்கும் அளவு உச்சத்தை அடையப் பத்து வாரத்திற்கு மேலாகும். இடைப்பட்ட நாள்களில் பசு உண்பதைவிட மிகுதியான ஆற்றலைக் கறந்து தருகிறது. இந்நிலையே எதிர்மறை ஆற்றல் சமநிலை. பற்றாக்குறையை ஈடுசெய்வது உடலில் சேமிக்கப்பட்ட கொழுப்பு.

உடலின் அகச்சூழலை மாறாது காக்கும் இயல்பை ஹோமியோஸ்டாசிஸ் என்பர். ஆனால், ஈன்ற பசு தன் உடலைக் கரைத்துப் பாலாக்குவதை அக்கருத்தால் மட்டும் விளக்க இயலவில்லை. அமெரிக்க அறிஞர்களான பௌமன், கர்ரி ஆகிய இருவரும் 1980ஆம் ஆண்டில் ஹோமியோரெசிஸ் என்னும் கருத்தைக் கொண்டு இதனை விளக்கினர். ஒரு வாழ்நிலையின் தேவைக்கேற்ப, உடல் தன் உறுப்புகளுக்கிடையே ஊட்டத்தைப் பங்கிடும் முறையையே மாற்றிக்கொள்கிறது என்பது அதன் சாரம்.

அப்பங்கீட்டை நடத்துபவை ஹார்மோன்கள். ஈனும் காலத்தில் குருதியில் இன்சுலின் குறைகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் அதன் கட்டளைக்கு முன்போல் செவிசாய்ப்பதில்லை. குளுக்கோசை ஏற்க அவை இன்சுலினைச் சார்ந்தவை; மடியோ இன்சுலின் துணையின்றியே குளுக்கோசை ஈர்த்துக்கொள்ள வல்லது. மனிதரிடத்தில் நீரிழிவு நோய்க்கு வழிகோலும் இன்சுலின் எதிர்ப்பு, இங்குக் கன்றுக்குப் பால் ஊட்டும் ஏற்பாடாக அமைவது வியப்புக்குரியது. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் அதே வேளையில் உயர்ந்து, கொழுப்பைக் கரைக்கத் தூண்டுகிறது. இயல்பாக இந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கச் செய்யும். அக்காரணி மிகும்போது பிட்யூட்டரி அடங்கும். புனிற்றாவின் கல்லீரலில் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பிகள் குறைந்துவிடுவதால் அக்காரணியும் குறைகிறது. கடிவாளம் தளர, வளர்ச்சி ஹார்மோன் மேலும் உயர்கிறது.

ஓர் எல்லைவரை இவ்வேற்பாடு நலமே பயக்கும். கரைந்த கொழுப்பு அமிலங்கள் கல்லீரலில் வந்து குவியும்போது இடர் தொடங்குகிறது. எரித்து முடிக்க இயலாதவற்றுள் ஒரு பகுதி கல்லீரலிலேயே கொழுப்பாகப் படிகிறது. மற்றொரு பகுதி கீட்டோன்களாக மாறுகிறது. கீட்டோன் மிகுந்த பசு அடர்தீவனத்தை வெறுக்கும், பால் குறையும், மூச்சில் அசிட்டோன் வாடை வீசும். தீனி குறையக் குறைய இன்னும் கொழுப்பு கரையும். கீட்டோசிஸ் எனப்படும் இந்நோய் நன்றாகக் கறக்கும் பசுவையே பெரிதும் நாடுகிறது. மெலிந்த பசுவே இதற்கு ஆளாகும் எனப் பலர் எண்ணுவர். உண்மையில், பால் வற்றிய காலத்தில் மிகையாகக் கொழுத்த பசுவே ஈன்றபின் தீனியைக் குறைத்துக்கொண்டு விரைவில் வீழ்கிறது. உடல்நிலையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் அளவுகோலில் மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையே இருப்பது ஈனும் பசுவுக்கு ஏற்றது என்பர். சினைப்பசுவைக் கொழுக்க வைப்பதைப் பேணுதல் எனக் கொள்வது பிழை.

பால் மட்டுமன்று, அடுத்த கன்றும் இக்கணக்கில் அடங்கும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கொரு கன்று கிடைக்க வேண்டுமெனில், ஈன்ற 85 நாளுக்குள் அது மீண்டும் சினையாக வேண்டும். பற்றாக்குறை மிகுந்திருக்கும் நாள்களும் இவற்றுள் அடங்குகின்றன. இன்சுலினும் வளர்ச்சிக் காரணியும் தாழ்ந்திருக்க, கருமுட்டைப்பையைத் தூண்டும் ஹார்மோன் துடிப்புகளும் தளர்கின்றன. பசு பருவத்துக்கு வரவில்லை எனக் கவலையுறும் உழவர் கருப்பையில் குறை தேடுவார். காரணம் தீவனத் தொட்டியிலும் இருக்கலாம். தீனி உயர்ந்து பற்றாக்குறை தன் ஆழத்தைக் கடந்தபின் இன்சுலின் ஏறுகிறது. கல்லீரலின் ஏற்பிகள் மீள்கின்றன. வளர்ச்சிக் காரணி மீண்டும் சுரக்கிறது. அதன்பின்னரே பல பசுக்களில் ஈன்றபின் முதல் கருமுட்டை வெளிப்படுகிறது.