உறுப்பினரும் வாடிக்கையாளரும்

சிற்றூர்களில் வங்கிக் கிளையும் கூட்டுறவுக் கடன் சங்கமும் ஒரே தெருவில் அமைந்திருப்பதைக் காணலாம். இரண்டிலும் மக்கள் பணம் சேமிக்கின்றனர். இரண்டிலும் நகையை ஈடாக வைத்துக் கடன் பெறுகின்றனர். பேச்சுவழக்கில் ‘சொசைட்டி’, ‘கூட்டுறவு பேங்க்’ என வேறுபாடின்றி அழைப்பதும் உண்டு. ஆயினும், வங்கியில் பணம் செலுத்துபவர் அதன் வாடிக்கையாளர் மட்டுமே. சங்கத்தில் பங்குத்தொகை செலுத்திச் சேர்ந்தவரோ அதன் உரிமையாளர்களுள் ஒருவர்.

இவ்வமைப்பு தோன்றிய சூழலை அறிந்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாண உழவர் பலர் விதைக்கும் உழவு மாட்டுக்கும் வட்டிக்குக் கொடுப்போரையே நம்பியிருந்தனர். இதற்கு மாற்று காணுமாறு மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த அவர், ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தோற்றுவித்த சிற்றூர்ச் சங்கங்களே இங்கும் பொருந்தும் எனக் கண்டார். அச்சங்கங்களில், ஒருவர் கடனைத் திருப்பித் தராவிடின் அப்பொறுப்பு உறுப்பினர் அனைவரையும் சாரும். எனவே, கடன் கேட்பவரின் நிலம், உழைப்பு, நாணயம் ஆகியவற்றை அண்டை வீட்டார் நன்கறிந்த பின்னரே பணம் வழங்கப்பட்டது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டது. தமிழகக் கூட்டுறவு வரலாறு இதனையே இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சங்கமாகக் குறிக்கிறது.

பணியாளர் சிக்கன, கடன் சங்கங்களில் இம்முறையின் சாயலை இன்றும் காணலாம். மாதந்தோறும் ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படும் சிறுதொகை சேமிப்பாகத் திரள்கிறது. கடன் பெற உடன் பணிபுரிவோர் பிணை நிற்பர். கடன் பெற்றவர் தவறினால் பிணை நின்றவர் ஊதியத்தில் கைவைக்க நேரும். நெருங்கிய நண்பருக்குக் கையொப்பமிடும்போதுகூடப் பேனா சற்றே தயங்குவது இதனால்தான்!

வாக்குரிமையிலும் வேறுபாடு உண்டு. நிறுமமாக இயங்கும் வங்கியில் பங்குகளின் அளவையொட்டியே வாக்குரிமை அமையும். சேமிப்பாளருக்கு வாக்கு இல்லை. சங்கத்திலோ, எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. உபரி ஈட்டினால் அதில் ஒரு பகுதி பங்கு ஈவாக உறுப்பினரையே வந்தடையும்.

உரிமையாளராக இருப்பதில் இழப்பும் அடங்கியுள்ளது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. வங்கி முடங்கினால், வைப்புத்தொகைக் காப்பீட்டின்படி ஒரு சேமிப்பாளருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. முறைப்படி உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். தொடக்கக் கடன் சங்கங்களுக்கு இக்காப்பீடு இல்லை. சற்றுக் கூடுதலான வட்டியைக் கருதி, ஓய்வுக்காலத் தொகை முழுவதையும் ஒரே சங்கத்தில் இடுபவர், பெயர்ப்பலகையில் இருப்பது ‘வங்கி’யா ‘சங்கமா’ என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தணிக்கை அறிக்கை. வாராக்கடன் எவ்வளவு, உபரி எவ்வாறு பகிரப்பட்டது என்பன போன்றவற்றை ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை, மிகக் குறைந்த பங்கு உடையவருக்கும் உண்டு. வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுச் சிற்றுண்டியோடு திரும்பிவிடும் உறுப்பினர், தம் பணத்தின் நிலையைப் பிறர் சொல்லித்தான் அறிய நேரும்.