வெட்டிவேரின் மணமும் மலைச்சரிவின் மண்ணும்

பானைநீருக்கு மணமூட்டும் வெட்டிவேரை நாமெல்லோரும் அறிவோம். அம்மணம் வேரிலுள்ள தைலத்தினால் வருவது. அத்தைலமோ விளையும் நிலத்தைப் பொறுத்தது. கடலூர்க் கரையோர மணலில் வேர்கள் ஆழ இறங்கி, தோண்டும்போது முறியாமல் வருகின்றன. இறுகிய களிமண்ணில் மெல்லிய வேர்கள் அறுந்து, தைலமும் மண்ணோடு தங்கிவிடுகிறது. வேருக்குள் வாழும் நுண்ணுயிர்களும் மணத்தை மாற்றுகின்றன என்று 2008இல் இத்தாலிய ஆய்வாளர் வெளியிட்டனர்.

வட்டகொடையின் குளிரில் இப்புல் மெதுவாகவே வளரும். எனினும், மலைச்சரிவில் அதற்கு மணத்தினும் பெரிய பணியொன்று உண்டு. தேயிலைக்கிடையே சமவுயர வரிசையாக நட்டால், மழைவெள்ளத்தில் மண் கரையாமல் காக்கும். தைலத்திற்காக அதைத் தோண்டினால் சரிவின் மண்ணும் மழையோடு போய்விடும். ஆகவே, மணம் வேண்டுவோர் முற்றத்தில் மணல் கலந்த மண் நிறைத்த சாக்கில் நட்டு, 18 மாதங்கள் கழித்து வேரெடுக்கலாம். சரிவில் நிற்கும் வேர் அங்கேயே நிற்கட்டும்.