கல் பிளக்கும் வழி

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் பழைய ஊர்மேடு உள்ளது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்பார் அதனை அகழ்ந்து ஆராய்ந்தார். உரோம நாட்டு மட்கலங்களேயன்றி, பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட்டு ஆகிய கற்களாலான மணிகளும் அம்மேட்டில் கிடைத்துள்ளன. முற்றுப்பெறாத மணிகளும் கற்சில்லுகளும் உடன் கிடைத்தமையால், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மணித்தொழில் நடந்தது என்பது தெளிவு.

மணி செய்வோர் முதலில் கல்லைத் தட்டித் தட்டி உருவாக்குவர். பின்னர்த் தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றுவர். தட்டும்போது கல் எண்ணாத திசையில் பிளந்துவிட்டால் உழைப்பெல்லாம் வீணாகும். அங்ஙனமாயின், கல் உடையும் திசையை உறுதி செய்வது எது?

விடையை நம் வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். கல்லுப்பை மெல்லத் தட்டி, அதன் துணுக்குகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். தட்டையான முகங்களும் செங்கோணங்களும் தோன்றும். அத்துணுக்கை மீண்டும் உடைத்தாலும் அவ்வாறே உடையும். இங்ஙனம் ஒரு கனிமம் குறித்த தளங்களின் வழியே உடைவதைப் 'பிளவு' என்பர். காக்காய்ப்பொன் ஒரே திசையில் பிளந்து, ஏடு ஏடாகப் பிரியும்.

பிரான்சு நாட்டு அறிஞர் ரெனே ஜுஸ்த் அயுயி என்பார் கால்சைட்டு என்னும் கனிமத்தை ஆராய்ந்தார். தோற்றத்தில் வேறுபட்ட கால்சைட்டுப் படிகங்களும், உடைந்தபின் ஒரே வடிவுள்ள சாய்சதுர முகத் துண்டுகளாவதைக் கண்டார். ஒத்த நுண்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டே படிகம் அமைகிறது என்று 1784இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அணுக்கள் ஒழுங்காக அமைந்திருப்பதை இன்று நாம் அறிவோம். அவற்றின் பிணைப்பு எத்தளத்திற்குக் குறுக்கே வலிவு குன்றியுள்ளதோ, அத்தளத்தின் வழியே கனிமம் பிளக்கிறது.

கடினம் வேறு, பிளவு வேறு. கனிமங்களுள் மிகக் கடினமான வைரமும் நான்கு திசைகளில் பிளக்கக் கூடியதே. பளிங்கோ வைரத்தினும் மென்மையானது. எனினும் அதற்குத் தெளிவான பிளவு இல்லை. அதில் சிலிக்கன் அணுக்களும் ஆக்சிசன் அணுக்களும் எல்லாத் திசைகளிலும் வலிவாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆதலின் அது கண்ணாடியைப் போல வளைந்த பரப்புடன் உடையும். சிப்பி ஓட்டின் உட்புறம் போன்ற வரிகள் அப்பரப்பில் காணப்படும். இதனைச் 'சங்கு முறிவு' என்பர்.

அரிக்கமேட்டு மணிகளை இப்பொழுது மீண்டும் நோக்குவோம். பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட்டு என்னும் நான்கும் பெயராலும் நிறத்தாலும் வேறானவை. ஆயினும் ஒரே சிலிக்காக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிளவுத் தளம் இன்மையால், இவை அடிக்கும் கைக்கு அடங்கிச் சில்லு சில்லாகப் பெயரும். அணுவின் அமைப்பை அக்கைவினைஞர் அறியார். கல்லின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர். மண்ணில் கிடந்த அச்சில்லுகளே அதற்குச் சான்று.