வளையும் கணக்கு – 14: தலைமுடியிலிருந்து கடலடிக்கு

போன வாரம் பார்த்த உத்திரம் சாதுப் பிள்ளை. சுமையை ஏற்றினால் கொஞ்சம் தொய்யும், இறக்கினால் நிமிர்ந்துகொள்ளும். மெல்லிய கம்பி அப்படிப்பட்டதல்ல.

ஒரு சார்ஜர் ஒயரை எடுத்து ஒரு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு நுனியை விரல்களால் ஏழெட்டுச் சுற்று முறுக்குங்கள். பிறகு இரு கைகளையும் மெல்ல நெருக்குங்கள். ஒயரின் நடுப்பகுதி சட்டென்று எழும்பி, வளையம் போட்டுத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ஏற்றிய முறுக்கு வளைவாக மாறிவிட்டது. வளைவையும் முறுக்கையும் ஒன்றாகச் சேர்த்து ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் 1859-லேயே சமன்பாடு எழுதிவிட்டார். ஆனால் அதைத் தீர்ப்பது தனிப் பாடு.

காரணம் கம்பியின் ஒல்லியான உடம்பு. ஆரத்தைப் பாதியாக்கினால், அதை அதே அளவு இழுத்து நீட்ட நான்கில் ஒரு பங்கு விசை வேண்டும். வளைக்கவோ பதினாறில் ஒரு பங்கு போதும். மெலிய மெலிய, நீட்டினால் முரண்டு பிடிக்கும், வளைத்தால் குழையும். நீள்வாக்கில் ஓடும் அதிர்வு படுவேகம். அதைப் பின்தொடரக் கணிப்பொறி நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். வளைவோ ஆற அமர நடக்கிறது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் கணக்கு மலையாகக் குவிந்துவிடும்.

2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிக்லோஷ் பெர்கோ, எய்டன் கிரின்ஸ்பன், பிரான்சின் பசீல் ஓதோலி உள்ளிட்ட குழு இதற்கு ஒரு வழி சொன்னது. கம்பியைப் புள்ளிகளாகவும், அவற்றை இணைக்கும் நேர்த்துண்டுகளாகவும் பிரித்தார்கள். புள்ளியில் துண்டுகள் திரும்பும் கோணம்தான் வளைவு. நீளம் மாறக்கூடாது என்று நிபந்தனை போட்டு, இழுவை அதிர்வைக் கழித்துக் கட்டினார்கள். முறுக்கு கம்பி நெடுகிலும் வளைவைவிட வெகு வேகமாகப் பரவிவிடுவதால், அது எப்போதும் சமநிலைக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டார்கள். துண்டுக்கு ஒரு கோணம். முறுக்குக் கணக்கு அவ்வளவுதான். எதைக் கணக்கிட வேண்டாம் என்று தீர்மானித்ததுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

தலைமுடியையும் கயிற்றையும் திரையில் அசைக்கும் வரைகலைத் துறையில் பிறந்த இந்த முறையை, எம்.ஐ.டி.யின் பெட்ரோ ரெய்ஸும் காலித் ஜாவேதும் கிரின்ஸ்பன் குழுவோடு சேர்ந்து பொறியியலுக்குக் கொண்டுபோனார்கள். கடலடியில் கேபிள் பதிக்கும்போது, கப்பல் நகர்வதைவிட வேகமாகக் கேபிளை இறக்கினால் அது தரையில் நெளியும், சுருளும். ஆய்வகத்தில் கப்பலுக்குப் பதில் ஓடும் பட்டை, கேபிளுக்குப் பதில் ரப்பர் இழை. எடைக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதத்திலிருந்து கிடைக்கும் நீளத்தை அளவுகோலாகக் கொண்டால், மேசைமேல் நடப்பதைக் கடலுக்கும் பொருத்தலாம். 2014-ல் வெளியான முடிவில் கணிப்பும் சோதனையும் நன்றாகவே ஒத்துப்போயின. உருளையில் சுற்றி வைத்ததால் கேபிளில் தங்கிவிடும் பிறவி வளைவு, சுருளும் விதத்தையே மாற்றிவிடும் என்பதும் தெரியவந்தது.

இதெல்லாம் ஒற்றைக் கம்பியின் கதை. மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள். ஒன்றோடொன்று உரசும், சிக்கும். அந்த உராய்வைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? அடுத்த வாரம் சிக்கெடுப்போம்.

(தொடரும்)